ஒன்றாம் எண் பில்லை

சிக்ஸ்டன் புரூலுண்டின் கணினிக்கு மேலே, சுவரில் அடித்த ஓர் ஆணியில், ஒரு சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை தொங்கியது. முழுக்கைச் சட்டைதான். ஆனால் ஒரு பூனைக்குப் போட்டால் கச்சிதமாக இருக்கும். வீட்டுக்கு வந்த ஒன்றிரண்டு பேர் யாருக்கோ குழந்தை பிறக்கப் போகிறது என்று நினைத்து வாழ்த்துச் சொன்னார்கள். சிக்ஸ்டன் மறுக்கவில்லை. ஒரு விதத்தில் அவனுக்குள் ஏதோ ஒன்று வளர்ந்துகொண்டுதான் இருந்தது.

சட்டையைச் சுருக்கியவர் கீழ்வீட்டு இங்வே டால்பொம். கோத்தன்பர்க் துறைமுகத்தில் சுங்க அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மயோர்ணா பகுதியில் அந்த மூன்று மாடிக் கட்டடத்தின் குடியிருப்போர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். பதினோரு வருடமாக அவர்தான். வேறு யாரும் அந்தப் பதவிக்கு ஆசைப்பட்டதில்லை. ஆசைப்படுவதற்கு அதில் ஒன்றும் இல்லை என்பது இங்வேக்கு மட்டும் தெரியவில்லை.

விவகாரம் இதுதான். கட்டடத்தின் அடித்தளத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சலவை அறை. இரண்டு இயந்திரம், ஒரு உலர்த்தி. யார் எப்போது துவைக்கலாம் என்பதை முன்பதிவு செய்துகொள்ள வேண்டும். இந்த ஊரில் சின்னவர் பெரியவர் எல்லோரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், யாருக்கும் யார்மேலும் பயமில்லை. பயம் மரியாதை எல்லாவற்றையும் மொத்தமாகச் சலவை அறைக்குக் கொடுத்துவிட்டார்கள். அதிலும் ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணி என்பது சலவை நேரங்களில் மகாராஜா. அதற்குள் வார இறுதி முடிந்திருக்கும், துணியெல்லாம் சேர்ந்திருக்கும், துவைத்துக் காயவைத்து மடித்தால் திங்கட்கிழமையை ஒரு மனிதனாக எதிர்கொள்ளலாம். ஐந்து வருடமாக அந்த நேரம் சிக்ஸ்டனுடையது.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் ஏழு நிமிடம் தாமதித்துவிட்டான். ஏழு மணிக்குக் காலி செய்ய வேண்டிய அறையை ஏழு ஏழுக்குக் காலி செய்யப் போனான். அடுத்த நேரம் இங்வேயுடையது. துணியெல்லாம் ஒரு நீலப் பையில் திணிக்கப்பட்டு, நடைவழியில், சைக்கிள்களுக்கு நடுவில் கிடந்தது. கம்பளிச் சட்டை மட்டும் பையில் இல்லை. அது உலர்த்தியில், உச்சபட்ச சூட்டில், தாளம் போட்டுச் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஈரமா இருந்துச்சு. உதவியா இருக்கட்டுமேன்னு காய வெச்சேன்" என்றார் இங்வே.

மறுநாள் சலவை அறைக் கதவில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. 'நேரம் என்பது எல்லோருக்கும் பொது. நிர்வாகக் குழு.' கீழே ஒரு சிரிக்கும் முகம் வரைந்திருந்தது. சிக்ஸ்டனை உறங்கவிடாமல் செய்தது அந்த முகம்தான். அதற்கடுத்த வாரம் குழு கூடி, நேரம் தாண்டுகிறவர்கள் ஆறு மாதத்துக்கு ஞாயிற்றுக்கிழமை பதிவு செய்யக் கூடாது என்று புது விதி போட்டது. அதே வாரம் ஞாயிறு நாலு மணிக்கு எதிரே இங்வேயின் பெயர் வந்தது.

அன்றுதான் சிக்ஸ்டன் ஆணி அடித்தான்.

அவனுக்குத் தேவைப்பட்டது இரண்டு. ஞாயிறு நாலு மணி திரும்ப வர வேண்டும். அது இங்வேயின் கையிலிருந்து, இங்வே பார்த்துக்கொண்டிருக்கும்போதே வர வேண்டும். முதலாவது மட்டும் போதாதா என்று மனசாட்சி ஒருமுறை கேட்டது. போதாது என்று சொல்லிவிட்டான். அதுவும் அப்புறம் கேட்கவில்லை.

வாய்ப்பை இங்வேயே கொண்டுவந்து கையில் கொடுத்தார்.

பதிவு செய்கிற வலைத்தளத்தை எழுதியது சிக்ஸ்டன்தான். இந்த வீட்டுக்குக் குடிவந்த புதிதில், நல்ல பிள்ளை என்று பெயர் வாங்குகிற ஆசையில் எழுதியது. கொதிகலனுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கணினியில் அது ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் சாவிக்குப் பதிலாக ஒரு பில்லை, அதில் ஒரு எண். சலவை அறைப் பூட்டில் பில்லையை வைத்தால், பூட்டு வலைத்தளத்தைக் கேட்கும்: இப்போது இவருடைய நேரமா? ஆமென்றால் பச்சை விளக்கு. இல்லையென்றால் சிவப்பு. பதிவு செய்தவர் கால் மணி நேரத்துக்குள் வரவில்லையென்றால் நேரம் பறிபோய்விடும், வேறு யாரும் எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பழைய கணினிக்கு இப்போது ஈரம் ஏறி, துணிப்பஞ்சு அடைத்து, ஆஸ்துமா வந்ததுபோல இழுத்துக்கொண்டிருந்தது. வலைத்தளத்தைப் பராமரிப்புக் கம்பெனியின் சர்வருக்கு மாற்றிவிடலாம் என்று குழு முடிவு செய்தது. மாற்றித் தருவது யார் என்று யோசிக்க அவர்களுக்கு நேரமே ஆகவில்லை.

மாடிப்படியில் நிறுத்தி வைத்துத்தான் இங்வே சொன்னார்.

"உனக்கு என்ன, நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துதானே இருக்க. அப்படியே இதையும் ஒரு கை பாத்துக் குடுத்துடு. சங்கத்துக்குச் செய்யறது, காசு கீசு கிடையாது. காப்பி உண்டு."

"அதைக் கண்டெய்னர்ல கட்டித் தரணும்னு கம்பெனிக்காரங்க கேக்கறாங்க, இங்வே. லேசுப்பட்ட வேலை இல்ல."

"கண்டெய்னரா? யாருகிட்ட சொல்ற? துறைமுகத்துல வயசு பூரா அதைத்தான் பாத்தேன். பெட்டி பக்கத்துல போனாலே உள்ள என்ன இருக்குன்னு மூக்கு சொல்லிடும்."

"இது அந்தக் கண்டெய்னர் இல்ல."

"எல்லாப் பெட்டியும் ஒண்ணுதான் தம்பி. எவனாவது உள்ள எதையாவது வெச்சிருப்பான்."

சிக்ஸ்டன் சிரித்தான். பெரியவருக்கு ஒன்றும் தெரியாது என்கிற நிம்மதிச் சிரிப்பு.

இந்தப் பெட்டி கட்டுகிற வேலைதான் சிக்ஸ்டனின் பிழைப்பு. ஒரு வலைத்தளத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோனால் அது பெரும்பாலும் முரண்டு பிடிக்கும். அங்கே இருந்த துணை நிரல் நூலகம் இங்கே இல்லை, அங்கே பழைய பதிப்பு, இங்கே புதியது என்று ஆயிரம் நொட்டை சொல்லும். அதனால் வீட்டுச் சாமானை மட்டும் ஏற்றாமல் வீட்டையே சுவரோடு பெயர்த்து ஒரு பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். அதற்குத் தேவையான நிரல், நூலகங்கள், கடிகார நேரம், எழுத்துருக்கள் எல்லாம் உள்ளேயே. எந்தச் சர்வரில் இறக்கினாலும் பெட்டிக்குள் அதே வீடு, அதே புழுக்கம். மூடிய பிறகு உள்ளே இருப்பது மாறாது. மாற்ற வேண்டுமென்றால் புதுப் பெட்டிதான் கட்ட வேண்டும்.

அலுவலகத்தில் அவன் கட்டிய பெட்டிகள் எல்லாம் கல்யாண வீட்டில் மிஞ்சியதைப் பொட்டலம் போட்ட மாதிரி இருக்கும். இன்ன அடித்தளம், அதன்மேல் இன்ன நூலகம் என்று வரிசையாகச் சொல்கிற செய்முறைக் கோப்பை யாரிடமிருந்தோ நகல் எடுத்து, தேவையோ இல்லையோ எல்லாவற்றையும் உள்ளே தள்ளி, மூடிவிடுவான். இதை அப்படிக் கட்டவில்லை. இருப்பதிலேயே மெலிந்த அடித்தளத்தைத் தேடி எடுத்தான். கட்டுவதற்கு மட்டும் தேவையான கருவிகளைக் கட்டி முடித்ததும் வெளியே எடுத்தான். கடிகாரத்தை ஸ்டாக்ஹோம் நேரத்துக்கு வைத்தான். இதை மறந்துவிட்டு, கோடைக்காலத்தில் எல்லாம் இரண்டு மணி நேரம் தள்ளிப் போய், அவனுடைய அலுவலகம் இரண்டு முறை அவமானப்பட்டிருக்கிறது. முதலில் யானை கனம் இருந்த பெட்டி, கடைசியில் ஆட்டுக்குட்டி மாதிரி ஆகிவிட்டது. அன்பினால் செய்த வேலையில் எங்காவது ஒரு கவனக்குறைவு இருக்கும். வெறுப்பு அப்படி விடாது. அது பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு வரியையும் படிக்கும்.

விடுமுறை நாட்களைப் பட்டியல் போடும் கோப்பு ஒன்று இருந்தது. யாரும் எட்டிப் பார்க்காத கோப்பு. அதன் வயிற்றில் அவன் ஒரே ஒரு வரியைச் சேர்த்தான். ஞாயிற்றுக்கிழமையில் ஒன்றாம் எண் பில்லை வந்தால், வரவில்லை என்று வைத்துக்கொள். கால் மணி நேரம் கழிந்ததும் அந்த நேரத்தை இருபத்தேழாம் எண்ணுக்குக் கொடு.

ஒன்றாம் எண் தலைவருடைய பில்லை. இருபத்தேழு சிக்ஸ்டனுடையது. ஞாயிற்றுக்கிழமை பதிவு செய்வதற்குத்தான் அவனுக்குத் தடை, காலியான நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு இல்லை.

வாரம் முழுவதும் செய்திருக்கலாம். ஆனால் திங்கட்கிழமையும் கதவு திறக்கவில்லையென்றால் ஆள் பூட்டுக்காரரைக் கூப்பிடுவார். தவிர, பழி வாங்குவதிலும் ஒரு நாகரிகம் வேண்டும்.

பராமரிப்புக் கம்பெனியில் பெட்டிகளைப் பார்த்து வாங்குகிறவள் வெண்டெலா என்ற பெண். மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு, அதைத் தேடுகிற வகை. ஆனால் வேலையில் எமகாதகி. இது முதல் பெட்டி, ஒப்பிட்டுப் பார்க்கப் பழையது எதுவும் இல்லை, ஓடுகிறதா என்று மட்டும் பார்த்து ஏற்றிவிடுவேன் என்றாள். அடுத்த முறை எதையாவது மாற்றினால் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மாறிய ஒவ்வொரு வரிக்கும் காரணம் கேட்பாள், சங்கத் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். அதாவது யாரும் சும்மா கை வைக்க முடியாது. அந்த ஏற்பாடு சிக்ஸ்டனுக்கு மிகவும் பிடித்திருந்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமை அவன் மூன்றரை மணிக்கே கூடையைத் தயாராக வைத்துவிட்டு, கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து, படிக்கட்டில் வரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். இங்வே நாலுக்கு ஐந்து நிமிடம் முன்னால் இறங்கினார். ராணுவம் மாதிரி. பிறகு பூட்டு 'டிக்' என்றது. மறுபடி 'டிக்'. கொஞ்சம் இடைவெளி விட்டு, பில்லையைச் சட்டையில் துடைத்திருப்பார் போல, மறுபடி 'டிக்'. சிக்ஸ்டன் கண்ணை மூடிக்கொண்டு ரசித்தான். கால் மணி ஆனதும் அவனுடைய போன் சிணுங்கியது. 'சலவை நேரம் காலியாக உள்ளது.'

விசில் அடித்துக்கொண்டே இறங்கினான்.

"என்ன இங்வே, இங்க நிக்கறீங்க?"

"பூட்டு திறக்க மாட்டேங்குது."

சிக்ஸ்டன் தன் பில்லையை வைத்தான். பச்சை. கதவு திறந்தது. "எனக்குத் திறக்குதே."

"நான் நாலு மணிக்கு முன்னாடியே வந்துட்டேன்."

"அப்படியா? நீங்க வரவே இல்லைன்னு காட்டுது." போனை நீட்டிக் காட்டினான். "சிஸ்டம் பொய் சொல்லாதுன்னு நீங்கதானே கூட்டத்துல சொன்னீங்க. நேரம்னா எல்லாருக்கும் பொது இல்லையா."

இங்வேயின் கழுத்து சிவந்தது, பிறகு காது, பிறகு வழுக்கை. பனிக்காலத்துச் சூரிய உதயம் மாதிரி மெதுவாக, ஆனால் முழுமையாக. சிக்ஸ்டன் இரண்டு இயந்திரத்திலும் துணி போட்டான். ஒன்றில் இரண்டு ஜோடி காலுறை மட்டும்தான் இருந்தது. ஆனாலும் போட்டான்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே. அந்த முறை இங்வே மடக்கு நாற்காலி கொண்டுவந்திருந்தார். மூன்றாவது ஞாயிறு, தன் மனைவி மை-லிஸையும் அழைத்து வந்தார். நாலாவது ஞாயிறு கூடையே கொண்டுவரவில்லை. பூட்டில் ஒரே ஒருமுறை பில்லையை வைத்துப் பார்த்துவிட்டு, சைக்கிள் அறை வாசலில் நாற்காலியைப் போட்டு, பிளாஸ்கிலிருந்து காப்பியை ஊற்றிக்கொண்டார்.

"துணி?" என்றான் சிக்ஸ்டன்.

"இன்னைக்கு இல்ல. சும்மா உக்காந்திருக்கேன்."

"பதிவு செஞ்சிருந்தீங்களே."

"பழக்கதோஷம்" என்றார் இங்வே. காப்பி குடித்தார். அவன் கதவைத் திறப்பதைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

கிழவர் ஒடிந்துவிட்டார் என்று சிக்ஸ்டன் தீர்மானித்தான். இயந்திரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு, சின்னதாக ஒரு இரக்கம் வருகிறதா என்று தனக்குள் தேடினான். வரவில்லை. மாடிக்குப் போய்ச் சட்டையைப் பார்த்து ஒரு முறை தலையாட்டினான்.

குளிர்காலம் இப்படி இன்பமாகப் போனது. மார்ச்சில் வெண்டெலா போன் செய்தாள். இவ்வளவு மெலிவாக, சுத்தமாகக் கட்டின பெட்டியைத் தான் பார்த்ததே இல்லை என்றாள். மேலிடத்துக்கும் பிடித்துவிட்டது. அதனால் தாங்கள் பராமரிக்கிற மற்ற சங்கங்களுக்கும் இதே பெட்டியை இறக்கியிருக்கிறார்கள். முப்பத்து நாலு சங்கம். உங்கள் தலைவர் கேட்ட அன்றைக்கே சம்மதக் கையெழுத்துப் போட்டுவிட்டார், ரொம்பப் பெருந்தன்மையானவர் என்றாள்.

சிக்ஸ்டன் மனசுக்குள் கணக்குப் போட்டான். எல்லாச் சங்கத்திலும் ஒன்றாம் எண் பில்லை தலைவரிடம்தான் இருக்கும். கொதிகலன் அறை, கூரைக் கதவு எல்லாவற்றையும் அதுதான் திறக்கும். தேர்தல் முடிந்ததும் பழைய தலைவர் புதிய தலைவருக்கு அதைக் கைமாற்றிக் கொடுப்பது வழக்கம். அவன் வரியில் இங்வே என்ற பெயர் இல்லை. எண் மட்டும்தான்.

நகரம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் தலைவர்கள் கூடையோடு சலவை அறை வாசலில் நிற்க ஆரம்பித்தார்கள். ஹிசிங்கன் பக்கம் ஒரு தலைவர் அவமானம் தாங்காமல் தன் வீட்டுக் குளியலறையில் ரகசியமாக ஒரு சலவை இயந்திரம் வாங்கி வைத்துக்கொண்டார், அது விதிப்படி குற்றம், பிடிபட்டுப் பதவி இழந்தார். ஓர்கிரீட்டே பகுதியில் இருபத்தேழாம் எண் ஒரு விதவையுடையது. கடவுள் நம்பிக்கையை விட்டு நாற்பது வருடமான அந்த அம்மாள், வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை காரணமே இல்லாமல் சலவை நேரம் பரிசாக வருவதைப் பார்த்து, மறுபடி தேவாலயத்துக்குப் போகத் தொடங்கினாளாம். இதையெல்லாம் வெண்டெலாதான் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். தலைவர்களுக்கு வயதாகிவிட்டது, பில்லையைச் சரியாக வைக்கத் தெரியவில்லை என்பது அவள் முடிவு.

சிக்ஸ்டன் முதலில் பயந்தான். பிறகு கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. தான் அடித்த ஒரு அடி இத்தனை முதுகில் விழும் என்று யாருக்குத்தான் கனவு இருந்திருக்கும்.

மே மாதம் ஆண்டுப் பொதுக்கூட்டம். முற்றத்துப் பக்கம் உள்ள பொது அறையில் காப்பியும் இலவங்கப்பட்டை பன்னும் வைத்திருந்தார்கள். கணக்கு வாசித்தார்கள், சைக்கிள் நிறுத்துவது பற்றிச் சண்டை போட்டார்கள், கூரை ஒழுகலை அடுத்த வருடத்துக்குத் தள்ளினார்கள். பிறகு இங்வே எழுந்தார். வயதாகிவிட்டது, பதினோரு வருடம் போதும், விலகிக்கொள்கிறேன் என்றார். அறையில் இருந்த அத்தனை பேரும் தங்கள் பன்னை ஆராய ஆரம்பித்தார்கள். தலைவர் பதவிக்கு ஆள் கேட்கப்போகிறார்கள் என்றால் இந்த ஊரில் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். பார்த்தால் தேர்ந்தெடுத்துவிடுவார்கள்.

சிக்ஸ்டன் மட்டும் நிமிர்ந்து இங்வேயைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெற்றியைப் பன்னுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அனுபவிக்க முடியாது.

"நான் சிக்ஸ்டனை முன்மொழியறேன்" என்றார் இங்வே.

"எனக்கு நேரம் இல்ல."

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் இருக்கே. வாரா வாரம் நாலே காலுக்குக் கரெக்டா வர்றியே. இந்தக் கட்டடத்துல இவ்வளவு நேரம் தவறாத ஆளு வேற யாரு?"

சிரிப்பு எழுந்தது. மை-லிஸ் வழிமொழிந்தாள். பன்னை ஆராய்ந்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் ஒரே குரலில் ஆமென்றார்கள், அவ்வளவு வேகமாக அந்த அறையில் அதுவரை எதுவும் நிறைவேறியதில்லை. இங்வே மேசையில் சுத்தியலைத் தட்டினார். இரண்டு வருடப் பதவி. அவர் சட்டைப் பையிலிருந்து ஒன்றாம் எண் பில்லையை எடுத்து, மாலை போடுகிற மாதிரி இரண்டு கையாலும் நீட்டினார்.

"அது வேணாம், என்னோடதையே நான் வெச்சுக்கறேன்" என்றான் சிக்ஸ்டன். குரல் அவனுக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

"அதெப்படி? கொதிகலன் ரூம் எப்படித் திறப்ப? வழக்கம்னு ஒண்ணு இருக்கில்ல." இங்வே கையை நீட்டினார். "உன்னோடதை இங்க குடு. எனக்குன்னு புதுசா ஒண்ணு வாங்கிச் சங்கத்துக்கு எதுக்குச் செலவு. அந்த இருபத்தேழே எனக்குப் போதும்."

எல்லோரும் கை தட்டினார்கள். ஏன் வேண்டாம் என்று சொல்ல சிக்ஸ்டனிடம் ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. அதை முப்பது பேர் முன்னால் சொல்ல முடியாது. கொடுத்தான்.

மறுநாள் காலையிலேயே வெண்டெலாவுக்குப் போன் செய்தான். பெட்டியில் ஒரு சின்ன மாற்றம், புதிதாகக் கட்டி அனுப்புகிறேன் என்றான்.

"தாராளமா அனுப்புங்க. பழசையும் புதுசையும் பக்கத்துல வெச்சுப் பாத்துடறேன். உங்க ஒருத்தர் கையெழுத்து மட்டும் பத்தாது, முப்பத்து நாலு தலைவர் கிட்டயும் வாங்கணும். எல்லாரும் அதே பெட்டியில ஓடறாங்கல்ல. என்ன மாத்தறீங்க?"

"ஒரே ஒரு வரிதான். எடுத்துடப் போறேன்."

"என்ன வரி?"

"விடுமுறை நாள் சம்பந்தமா."

"படிச்சுக் காட்டுங்களேன், குறிச்சுக்கறேன்."

ஜன்னலுக்கு வெளியே ஒரு டிராம் போனது. சிக்ஸ்டன் அது போய் முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். வரியை எடுக்க வேண்டுமென்றால் வரியைக் காட்ட வேண்டும். காட்டினால் முப்பத்து நாலு தலைவர்களும் காரணத்தைப் படிப்பார்கள். ஹிசிங்கன்காரர் காதுக்கும் போகும். அவருக்கு இப்போது பதவியும் இல்லை, சலவை இயந்திரமும் இல்லை, கோபம் மட்டும்தான் இருக்கிறது.

"அவசரமில்ல. அப்புறம் பாத்துக்கலாம்" என்றான்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குப் போய்த் துவைத்துக்கொள்ளலாம். வியாழன் மத்தியானம் இருக்கிறது. ஆனால் தண்டனைக் காலம் முடிந்துவிட்டது, ஞாயிறு நாலு மணிக்கு எதிரே யார் பெயரும் இல்லை. அதை விட்டுக்கொடுத்தால் அந்தச் சட்டை இத்தனை மாதம் ஆணியில் தொங்கியதற்கு அர்த்தம் இல்லை. ஒருவேளை வரி தப்பாக எழுதியிருக்கலாம் என்று வாழ்க்கையில் முதல் முறையாக ஆசைப்பட்டான். பதிவு செய்தான்.

ஞாயிற்றுக்கிழமை நாலுக்கு ஐந்து நிமிடம் முன்னால் கூடையோடு இறங்கினான். நாலடித்ததும் பில்லையை வைத்தான். சிவப்பு. மறுபடி வைத்தான். தன் வேலையில் ஒரு தப்பும் இல்லை என்பது அவனுக்கு உறுதியானது. பில்லையைச் சட்டையில் துடைத்தான். ஏன் துடைத்தான் என்று அவனுக்கே தெரியவில்லை, அந்த இடத்தில் நின்றால் கை தானாகத் துடைக்கிறது. கூடை கனத்தது. கீழே வைத்தான். சுவரில் அவன் பார்த்தே இராத ஒரு விரிசல் இருந்தது. கால் மணி நேரம் இவ்வளவு நீளம் என்று அவன் நினைக்கவே இல்லை.

நாலே காலுக்கு மாடிப்படியில் விசில் சத்தம் கேட்டது. நீலப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு இங்வே வந்தார்.

"என்ன தலைவரே, இங்க நிக்கறீங்க?"

இங்வே போனை எடுத்துக் கண்ணுக்குத் தூரமாகப் பிடித்து வாசித்தார். "சலவை நேரம் காலியாக உள்ளது. அடடா. வரலைன்னு போட்டிருக்கே உங்க பேர்ல."

"பெட்டியைத் திறந்து பாத்தீங்களா?" என்றான் சிக்ஸ்டன் மெதுவாக.

"எதுக்குத் திறக்கணும்? அதெல்லாம் எனக்கு என்ன தெரியும்." இங்வே பையை இறக்கி வைத்தார். "துறைமுகத்துல சந்தேகமா ஒரு பெட்டி வந்தா நாங்க தொடவே மாட்டோம். இறக்கி வெச்சுட்டு, தள்ளி நின்னு காப்பி குடிப்போம். யாரு வந்து எடுத்துட்டுப் போறான்னு பாத்தா போதும். உள்ள இருக்கறது தானா தெரிஞ்சிடும்."

சிக்ஸ்டன் மடக்கு நாற்காலியை நினைத்துக்கொண்டான். பிளாஸ்கை நினைத்துக்கொண்டான்.

"மை-லிஸ் இதே கட்டடத்துல இருக்கற அவ தங்கச்சியோட பில்லையை வெச்சுப் பாத்தா. அந்த வீட்டு நம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழமை காலைல பதிவு பண்ணி வெச்சோம். பட்டுன்னு திறந்துச்சு. அப்போ பூட்டுல தப்பில்ல, ஒண்ணாம் நம்பர்லதான் தப்பு. சரி, தப்பை யாருக்குக் குடுக்கலாம்னு மே மாசம் வரைக்கும் யோசிச்சேன்."

"சொல்லியிருக்கலாமே. கூட்டத்துலயே சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா உன்னைத் திட்டியிருப்பாங்க, ஒரு வாரத்துல மறந்திருப்பாங்க. இது ரெண்டு வருஷம்." இங்வே பில்லையை வைத்தார். இருபத்தேழு. பச்சை. "போன தலைவரா ஒண்ணு சொல்றேன், சீக்கிரம் போயிடும். முதல் பதினோரு வருஷம்தான் கஷ்டம்."

கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே போனவர், திரும்பி நின்று, சிக்ஸ்டனின் கூடையை எட்டிப் பார்த்தார்.

"கம்பளி ஏதாவது இருக்கா? குடு, சேத்துப் போட்டுடறேன்."

சிக்ஸ்டன் கூடையைத் தூக்கிக்கொண்டு படியேறினான். பின்னால் இயந்திரம் ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டது. சிறிது நேரத்தில் இரண்டாவது இயந்திரமும் ஓடத் தொடங்கியது. அதில் இரண்டு ஜோடி காலுறைக்கு மேல் இருக்காது என்று அவனால் பார்க்காமலே சொல்ல முடிந்தது.

வீட்டுக்குள் போய்க் கூடையை வைத்தான். கணினிக்கு மேலே சட்டை அப்படியே இருந்தது. கருவிப் பெட்டியிலிருந்து சுத்தியலை எடுத்து, சட்டைக்குப் பக்கத்தில் இன்னொரு ஆணியை வைத்து அடித்தான். அதில் ஒன்றாம் எண் பில்லையைத் தொங்கவிட்டுவிட்டு, உட்கார்ந்து யோசிக்கத் தொடங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை யாரும் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது சங்கத்தின் விதி. மீறுகிறவர்கள் மீது தலைவர் நடவடிக்கை எடுக்க வேண்டும். கீழ்வீட்டிலிருந்து, துடைப்பக் கட்டையால், மை-லிஸ் தன் கூரையை நிதானமாக மூன்று முறை தட்டினாள்.